கட்டுரை விட்டுப்போன கஞ்சி

கொரிய-அமெரிக்கப் பாடகி மிஷெல் ஸௌனர் அம்மாவை இழந்ததைப் பற்றி எழுதிய 'Crying in H Mart' நினைவுநூலைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அமெரிக்காவின் கொரிய மளிகைக் கடையான எச் மார்ட்டில் அவள் நின்று அழுவதைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருக்கிறீர்கள். கஞ்சியை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! 2014-ல் அவள் அம்மா புற்றுநோயில் படுத்திருக்கும்போது, கவனித்துக்கொள்ள வந்த அம்மாவின் கொரியத் தோழி ஒருவர் பைன் கொட்டைக் கஞ்சி காய்ச்சித் தருகிறார். பக்குவத்தை மகளுக்குச் சொல்ல மறுத்துவிடுகிறார். அம்மாவுக்கு ஒரு வாய் கஞ்சி வைக்கும் உரிமைகூடப் பாதிக் கொரியப் பெண்ணுக்கு இல்லையா என்று எனக்கே கோபம் வந்தது. அம்மா போன பிறகு கொரியச் சமையல் சொல்லித்தரும் மாங்ச்சியின் யூடியூப் வீடியோவைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறாள். ரகசியம் ஒன்றும் பெரிதில்லை: ஊறவைத்த அரிசியையும் பைன் கொட்டையையும் அரைத்து, அடிபிடிக்காமல் கிண்டி, உப்புப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. கொரியாவில் பிள்ளை பெற்றவளுக்கு வாரக்கணக்கில் கடற்பாசி சூப் கொடுப்பார்கள். அதே சூப்பைத்தான் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பிள்ளை குடிக்கிறது, கேக் இருந்தாலும். தாயில்லாத வீட்டில் அந்தக் காலை எப்படி விடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

எச் மார்ட் 1982-ல் நியூயார்க்கின் குயின்ஸில் சின்ன மளிகைக் கடையாகத் தொடங்கியது. 'எச்' என்பது 'ஹான் ஆ ரும்' என்ற கொரியத் தொடரின் சுருக்கம். கை நிறைய அள்ளிய மளிகை என்று பொருள். இதையாவது சேர்த்திருக்கலாம். அவள் அங்கே அழுதது வெறுங்கையோடு.