யோபுவிடம் யாரும் சொல்லாத வசனம்

கோத்தகிரியில் மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததால், லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று 'தி ட்ரீ ஆஃப் லைஃப்' போட்டேன். டெரன்ஸ் மாலிக் எடுத்தது, 2011இல் கான் திரைப்பட விழாவில் 'தங்கப் பனை' விருது வாங்கிய படம். ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை சித்தியும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். சித்திக்கு இங்கிலீஷ் தெரியாது. "கதையை மட்டும் சொல்லு, போதும்" என்றார்.

கதை என்று பெரிதாக இல்லை. டெக்சாஸில் வேகோ என்று ஓர் ஊர். அப்பா, அம்மா, மூன்று பையன்கள். ஒரு நாள் தந்தி வருகிறது. நடுப் பையன் பத்தொன்பது வயதில் இறந்துவிட்டான். எப்படி என்று படம் சொல்லாது. "தந்தியா?" என்றார் சித்தி. அதற்கு மேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் ஒரு பாட்டி ஆறுதல் சொல்கிறார். நாளாக நாளாகச் சரியாகிவிடும், இன்னும் ரெண்டு பிள்ளைகள் இருக்கே, கர்த்தர் கொடுக்கிறார், கர்த்தர் எடுக்கிறார். இதோடு விடாமல், ஆற்ற வேண்டிய புண்ணுக்கு ஈயை அனுப்புகிறவர் அவர் என்றும் ஒரு வார்த்தை. நான் சொல்லி முடிப்பதற்குள் சித்தி, "அந்தக் கிழவியை மொதல்ல எந்திரிச்சுப் போகச் சொல்லு" என்றார்.

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் உறைத்தது.

2009 நவம்பர் மழையை நீலகிரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கேத்தி, அச்சனக்கல், குன்னூர், கோத்தகிரி என்று மண் சரிந்து, மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதில் சித்தியின் மகனும் ஒருவன். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்மேடு ராத்திரியில் சரிந்து, அவன் படுத்திருந்த அறையின் சுவரைத் தள்ளிவிட்டது. முன்னறையில் சித்தியும் சித்தப்பாவும் கீறலில்லாமல் தப்பித்தார்கள்.

பைபிளில் யோபு என்று ஒருவன், சொத்தையும் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்தவன். அவன் பிள்ளைகள் செத்ததும் இப்படித்தான். பெருங்காற்று வந்து வீட்டின் நாலு மூலையிலும் அடிக்க, வீடு அவர்கள் மேல் விழுந்தது. அந்த வாரம் துக்கம் கேட்க வந்த சபையாருக்கு யோபு ஞாபகம் வந்ததில் தப்பில்லை. எல்லார் வாயிலும் ஒரே வசனம்தான்: கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். ஒருவர் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம் சொல்லும்மா" என்றே கேட்டார். சித்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, காரணம் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். அந்த வசனத்தைச் சொன்னது யோபு. பிள்ளைகளைப் பறிகொடுத்தவன், தானாக, தன் வாயால் சொன்னது. வேறு யாரும் அதை அவனிடம் போய்ச் சொல்லவில்லை. புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டிப் பாருங்கள். ஆறுதல் சொல்ல வந்து அத்தனை பேசிய அவன் நண்பர்கள் எலிப்பாஸும் பில்தாத்தும் சோப்பாரும்கூட அதைச் சொல்லவில்லை. நாம்தான் அவன் வாயிலிருந்து பிடுங்கி, சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் வாயில் திணிக்கிறோம்.

அந்த மூன்று பேரும்கூட வந்த புதிதில் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தபோதுதான் எல்லாம் கெட்டது. நீ ஏதோ செய்திருப்பாய், இல்லாவிட்டால் தேவன் சும்மா அடிப்பாரா என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார்கள். "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு அவர்களுக்குப் பட்டம் கொடுக்கிறான். எப்பேர்ப்பட்ட தமிழ்! கடைசியில் தேவனும், என்னைக் குறித்து யோபு பேசியதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று அவர்களைத்தான் கடிந்துகொள்கிறார். பிறந்த நாளையே சபித்து, தேவனோடு வழக்காடியவனை இல்லை.

நம் பிரசங்கங்களில் யோபு முதல் அதிகாரத்திலிருந்து ஒரே தாவலில், இழந்ததெல்லாம் திரும்பக் கிடைக்கிற கடைசி அதிகாரமான நாற்பத்திரண்டுக்குப் போய்விடுவான். 7,000 ஆடு 14,000 ஆயிற்று, 3,000 ஒட்டகம் 6,000 ஆயிற்று, இரட்டிப்பான ஆசீர்வாதம், அல்லேலூயா. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை, மறுபடியும் பத்தே பேர்தான். ஆட்டுக்கு ஆடு ஈடாகும், பிள்ளைக்குப் பிள்ளை ஈடாகாது என்று எழுதினவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

மாலிக் அப்படித் தாவவில்லை. படம் தொடங்குவதே யோபு முப்பத்தெட்டாம் அதிகாரத்தின் கேள்வியோடுதான்: நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்? கொஞ்ச நேரத்தில் பிள்ளையை இழந்த அம்மா அதே கேள்வியைக் கிசுகிசுப்பாகத் திருப்பிக் கேட்கிறாள். கர்த்தாவே, ஏன்? நீர் எங்கேயிருந்தீர்? இதற்குப் பதிலாகத்தான் விண்மீன்களும் எரிமலையும் கடலும் டைனோசரும் வருகின்றன. பலரும் படத்தை நிறுத்திவிட்டுப் போகிற இடம் இது. "வேற படம் வந்துருச்சா?" என்று சித்தியும் கேட்டார். எனக்கும் முதல் தடவை பொறுமை போயிற்று. ஆனால் யோபுவுக்குக் கிடைத்த பதிலும் இதுதானே. மழைக்குத் தகப்பனுண்டோ, காட்டுக்கழுதையை அவிழ்த்துவிட்டது யார் என்று நாலு அதிகாரம். ஏன் என்ற கேள்விக்கு ஒரு வரி பதில் கிடையாது.

பிராட் பிட் நடித்த அப்பா வேறு ரகம். கண்டிப்பானவர், கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். வேலை செய்த ஆலையை மூடும்போது, ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை, ஞாயிறுதோறும் தசமபாகம், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கோயிலுக்குக் கொடுத்தேன் என்று புலம்புகிறார். இதைச் சித்திக்குச் சொல்லவே வேண்டாம். இந்த மலையில் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டுக்கு ஒருவர் இருப்பார் இப்படி. தேவனிடம் ரசீது கேட்கிறவர்கள்.

எனக்குப் படத்தின் முடிவு பிடிக்காது. கடற்கரையில் செத்தவர்களும் இருப்பவர்களும் சேர்ந்து நடக்கிற காட்சி, பெரிய வாழ்த்து அட்டை மாதிரி. ஆனால் அங்கே அம்மா, என் மகனை உமக்குக் கொடுக்கிறேன் என்று சொல்கிறாள். பாட்டி சொன்னது எடுக்கிறார் என்று, இவள் சொல்வது கொடுக்கிறேன் என்று. ஒருத்தியின் வாயிலிருந்து அந்தச் சொல் வருவதற்குள் ஒரு முழுப் படம் ஓடியிருக்கிறது.

அந்த 2009 வாரத்தில் வந்தவர்களில் யாரை ஞாபகம் இருக்கிறது என்று சித்தியைக் கேட்டேன். யோசிக்கவேயில்லை. "விறகுக்கார அக்கா." பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருந்த படுகர் அம்மா அவர். எங்கள் வீட்டு விறகெல்லாம் நனைந்து ஒரே புகையாக இருந்தபோது, தன் வீட்டுப் பரணில் காய்ந்திருந்ததைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அடுப்பை மூட்டினார், ஈரத் துணியை மேலே கயிற்றில் போட்டார், சித்தி பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். அவர் பைபிளைக் கையால்கூடத் தொட்டிருக்க மாட்டார்.

படம் முடியும்போது சார்ஜ் நாலு சதவீதம். "செத்துப்போன பையன் பேரு என்ன?" என்றார் சித்தி.

"ஆர்.எல்."

"அது இனிஷியலு. பேரு?"

படத்தில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்றேன். "பேரச் சொல்லிக் கூப்பிடணும்ல" என்று சொல்லிவிட்டு, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தம்பியின் பேரை ஒரு தடவை சொன்னார்.