காரிடாரில் நாலு வாளி

"அத்தான், இந்தக் கப்பல் நல்லா இருக்குமா?"

பதினேழு வருஷம் சரக்குக் கப்பல்களின் இன்ஜின் ரூமில் வெந்துவிட்டு, இப்போது சென்னையில் நாற்காலி வேலை பார்க்கிறவன் நான். சொந்தத்தில் யாருக்குச் சொகுசுக் கப்பல் ஆசை வந்தாலும் முதல் கேள்வி எனக்குத்தான் வரும். கேள்வியோடு ஒரு படமும் வரும். பால்கனிக் கம்பியின் அடியில் ஒரு பழுப்புக் கோடு, அதைச் சுற்றி யாரோ போட்ட சிவப்பு வட்டம். "பாருங்க, துரு! இதை நம்பிப் போகலாமா?"

ஐயா, அது இரும்பு. ராப்பகலாக உப்புத் தண்ணீரில் நிற்கிறது. துருப்பிடிக்காமல் பூப்பூக்குமா?

ஒரே ஒரு போல்ட் தலையில் பெயிண்ட் உரிந்தால் போதும், நாலு நாளில் வெள்ளைப் பெயிண்ட் மேல் இரண்டு முழத்துக்குப் பழுப்பு வழியும். பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். தளத்து ஆட்களின் மேஸ்திரியான போசன் இரண்டு ஆட்களோடு வந்து சுரண்டி, பிரைமர் அடித்து, மேலே ஒரு பூச்சு பூசினால் காலை டீக்கு முன்னால் முடிகிற வேலை. பல துறைமுகங்களில் பெயிண்ட் தண்ணீரில் சொட்டும் என்று வெளிப்பக்கம் கைவைக்கவே விடமாட்டார்கள். அதனால் கோடு சில வாரம் அப்படியே கிடக்கும். உண்மையில் பயப்பட வேண்டிய துரு கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. கப்பலைச் சமன்படுத்தக் கடல்நீர் நிரப்பும் பேலஸ்ட் டேங்க் உள்ளே, குழாயின் உள்சுவரில், இன்சுலேஷனுக்கு அடியில். அதை அளக்கத்தான் கப்பலின் தரத்துக்குச் சான்று கொடுக்கும் கிளாஸ் சர்வேயர் அல்ட்ராசோனிக் கருவியோடு வந்து, தகடு எத்தனை மில்லிமீட்டர் கரைந்திருக்கிறது என்று பார்க்கிறார். பால்கனியில் காபி குடித்தபடி செல்போனில் படம் எடுப்பவருக்கு அது தெரியாது.

சரி, துருவைப் பார்த்து அலறுகிறவர்களையாவது மன்னித்துவிடலாம். எனக்கு வயிறு எரிவது அடுத்த கட்சியைப் பார்த்துத்தான். "பழைய கப்பல்னு சொன்னாங்க, ஆனா பளபளன்னு இருக்கு, கார்ப்பெட் எல்லாம் புதுசு, பத்துக்குப் பத்து!" கார்ப்பெட்டுக்குப் பத்து மார்க் போடும் இந்த ஜனங்களை நம்பித்தான் கம்பெனிக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

அந்த ஜனங்களில் ஒருவனாகப் போன வருஷம் நானும் ஆனேன். அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

பார்சிலோனாவிலிருந்து ஏழு இரவு. நான், மனைவி, அத்தை, மச்சான் குடும்பம். கப்பல் தொண்ணூறுகளின் நடுவில் கட்டியது. கம்பெனி பெயர் வேண்டாம். "தலை முதல் கால் வரை புதுப்பிக்கப்பட்டது" என்று போட்டிருந்தான். நானும் நம்பினேன். கப்பலைத் தண்ணீரிலிருந்து வெளியே வைத்துப் பழுது பார்க்கும் டிரை டாக்கில் என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்தவன், அந்த வரியை நம்பிக் காசு கட்டினேன்!

உள்ளே போனதும் இரண்டு மாடி உயரத்துக்கு எல்இடி திரை. புதிதாக ஒரு ஸ்டேக் ஓட்டல், தனிக் கட்டணம். மேல்தளத்தில் வண்ண வண்ணமாய் நீர்ச்சறுக்கு. "கல்யாண மண்டபம் கெட்டுது போ" என்றார் அத்தை. மச்சான் என்னைப் பார்த்து, "என்ன அத்தான், ஒரு இடத்துலகூட துரு இல்லையே" என்றான். இல்லைதான். பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை.

முன்பக்க லிஃப்ட் ஆறில் இரண்டின் வாசலில் "பராமரிப்பில் உள்ளது" என்று பலகை. ஏழு நாளும் அதே பலகை, அதே இரண்டு லிஃப்ட். முட்டி வலியோடு அத்தை சாப்பாட்டுக் கூடத்துக்கும் கேபினுக்கும் நடையாய் நடந்தார். எங்கள் தளத்துக் காரிடாரில் பத்தடிக்குக் கார்ப்பெட் ஈரம். பக்கத்தில் மின்விசிறி, மேலே ஒரு சீலிங் பலகையைக் கழற்றிவிட்டு அடியில் நாலு வாளி. வாளிகளின் மேல் வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். அந்தத் துணியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. திடீரென்று ஒழுகுகிற கப்பலில் வாளி வைப்பார்கள். ஒழுகி ஒழுகிப் பழகிய கப்பலில்தான் வாளிக்குத் துணி போர்த்துவார்கள்.

இரண்டாம் இரவு மூன்று மணிக்கு எங்கள் கேபின் கக்கூஸ் வேலை செய்யவில்லை. எங்களுடையது மட்டுமா, வரிசை முழுக்க. காலை பதினொன்று வரை. வரவேற்பில் போய்க் கேட்டால், "யாரோ விருந்தினர் வெட் வைப்ஸ் என்கிற ஈரத் துடைப்பான் தாளைப் போட்டு அடைத்துவிட்டார்" என்று ஒரு பாட்டு. இந்தப் பாட்டை நான் எத்தனை கப்பலில் கேட்டிருக்கிறேன்! துடைப்பான் போடுகிறார்கள், உண்மைதான். ஆனால் சுற்றுலாக் கப்பலில் இருப்பது வேக்குவம் கக்கூஸ். காற்று உறிஞ்சித்தான் எல்லாம் போகும். வருஷக்கணக்கில் அந்தக் குழாய்களின் உள்ளே சுண்ணாம்பு மாதிரி கல் படியும். நேரத்துக்கு ஆசிட் விட்டுக் கரைக்காவிட்டால் நாலு அங்குலக் குழாய் இரண்டு அங்குலம் ஆகிவிடும். புதுக் குழாயில் வழுக்கிக்கொண்டு போகிற துடைப்பான் இதில் மாட்டும். தப்பு துடைப்பான் போட்டவன் மேல் பாதி என்றால், குழாயை மாற்றாதவன் மேல் பாதி. அந்தப் பாதியை அவன் சொல்வானா?

ஏன் மாற்றுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். கப்பல் டிரை டாக்கில் ஏறிவிட்டால் ஒவ்வொரு நாளும் டிக்கெட் நஷ்டம். கிடைக்கிற இரண்டு, மூன்று வாரத்தில் சட்டப்படி செய்தாக வேண்டிய அடிப்பாகம், புரொப்பெல்லர் ஷாஃப்ட், சுக்கான், கடல்நீர் வால்வுகள் எல்லாம் முதலில் முடிய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சர்டிபிகேட் கிடைக்காது, கிளம்ப முடியாது. மிச்சமிருக்கிற காசும் நாளும் எங்கே போகும்? கழிவுநீர்க் குழாயை மாற்ற வேண்டுமென்றால் கேபின் கேபினாகச் சுவர்ப் பலகையைப் பெயர்க்க வேண்டும். அவ்வளவும் செய்துவிட்டு விளம்பரத்தில் என்ன படம் போடுவான்? "எங்கள் புத்தம் புதிய மலக்குழாயைக் காண வாரீர்" என்றா? அதனால்தான் எல்இடி திரை வருகிறது, ஸ்டேக் ஓட்டல் வருகிறது, கார்ப்பெட் வருகிறது. நீங்களும் பத்துக்குப் பத்து போடுகிறீர்கள்.

நாலாவது நாள் மார்செய் போக வேண்டியது. காலையில் எழுந்தால் சுற்றிலும் கடல். "செயல்பாட்டுக் காரணங்களால்" துறைமுகம் ரத்து என்று ஸ்பீக்கரில் தேன் ஒழுகப் பேசினார்கள். கடல் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது, காற்று இல்லை. முந்தைய இரவிலிருந்து அதிர்வு குறைந்து வேகமும் குறைந்ததைக் கட்டிலில் படுத்தபடியே உணர்ந்திருந்தேன். ஏதோ ஒரு ஜெனரேட்டர் படுத்துவிட்டது என்பது என் கணிப்பு. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். பாவம், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், எழுதிக் கொடுத்த வரியை மூன்று தடவை வாசித்தது. நஷ்ட ஈடாக ஆளுக்கு ஐம்பது யூரோ. கப்பலுக்குள் மட்டும் செல்லும். மசாஜ் செய்துகொள்ளலாமாம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம், "அதான் பழைய கப்பல்ல போகக்கூடாதுங்கிறது" என்று ஆரம்பிக்கும். அதுவும் தப்பு! வயதை வைத்து என்ன தெரியும்? கார்னிவல் ஸ்ப்ளெண்டர் 2008-ல் ஓட ஆரம்பித்த கப்பல். இரண்டே வருஷம், 2010 நவம்பரில் இன்ஜின் ரூமில் வெடித்துத் தீப்பிடித்து, மெக்சிகோவுக்குப் பக்கத்தில் மின்சாரம் இல்லாமல் மிதந்தது. அமெரிக்கக் கடற்படை ஹெலிகாப்டரில் சாப்பாடு கொண்டுவந்து போட்டது. கார்னிவல் டிரயம்ஃப் 1999-ல் வந்தது. 2013 பிப்ரவரியில் ஒரு இன்ஜினின் எரிபொருள் திரும்பும் ஹோஸ் ஒழுகித் தீப்பிடித்தது. ஒரு ஹோஸ்! நாலாயிரத்துச் சொச்சம் பேர் கக்கூஸ் இல்லாமல் மெக்சிகோ வளைகுடாவில் நாட்கணக்கில் கிடந்தார்கள்.

இந்தப் பக்கம் ஸ்டாக்ஹோம் என்ற கப்பலைப் பாருங்கள். 1946-ல் ஸ்வீடனில் கடலில் இறக்கியது. 1956-ல் ஆண்ட்ரியா டோரியா என்ற இத்தாலியப் பயணிகள் கப்பல் மேல் மோதி அதை மூழ்கடித்ததே, அதே கப்பல்தான். தொண்ணூறுகளில் இத்தாலியில் வைத்து அதன் உட்பகுதியைக் கிட்டத்தட்ட மறுபடி கட்டினார்கள். அஸ்டோரியா என்ற பெயரில் 2020 வரை பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்தது. எழுபது வயதைத் தாண்டிய கிழவி. கார்ப்பெட்டை மட்டும் மாற்றியிருந்தால் அவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது.

வெளிப்பூச்சு அழகை நம்புகிறவர்களுக்கு இன்னொரு கதை. நார்வே என்ற கப்பல். பிரான்சு நாட்டுக்காரர்களின் பெருமையாக 1962-ல் பயணம் தொடங்கிய கப்பல், கண்ணைப் பறிக்கும் அழகு. 2003 மே மாதம் மயாமி துறைமுகத்தில் நின்றிருந்தபோது பாய்லர் வெடித்தது. செத்த எட்டுப் பேரும் கப்பல் ஊழியர்கள். பராமரிப்பும் சோதனையும் சரியில்லை என்றுதான் விசாரணை முடிந்தது. மேலே பயணிகள் பார்த்த அதே கப்பலின் அடியில்தான் அந்த பாய்லரும் இருந்தது. கடைசியில் அது கப்பல் உடைக்கிற நம்ம ஊர் குஜராத் அலங்கில் வந்து துண்டு துண்டானது. இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அந்த எட்டுப் பேர் விஷயம் இன்னும் உறைக்கிறது. நமக்குக் கக்கூஸ் போகவில்லை என்பது எரிச்சல். பராமரிப்புக் காசை மிச்சம் பிடிப்பதற்கு முழு விலை கொடுக்கிறவன் அடித்தளத்தில் இருப்பவன்.

பெயர் மாற்றுகிற தந்திரம் வேறு. மும்பையிலிருந்து 2019-ல் கர்ணிகா என்று ஒரு கப்பல் ஓடியது, நினைவிருக்கிறதா? 1990-ல் இத்தாலியில் கட்டியபோது அது கிரவுன் பிரின்சஸ். அப்புறம் அரோசா ப்ளூ, ஐடா ப்ளூ, ஓஷன் வில்லேஜ் டூ, பசிபிக் ஜூவல். ஆறாவது பெயரில் இந்தியா வந்து, அடுத்த வருஷமே அலங் போய்விட்டது. நியூமராலஜி ஜோசியர்கூட ஒரு ஆளுக்கு இத்தனை பெயர் வைக்கமாட்டார். பெயர் மாற்றுவது குற்றமில்லை, கைமாறும்போது மாறத்தான் செய்யும். ஆனால் "புதிய கப்பல் வருகிறது" என்று தட்டி வைக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

பெயர் எத்தனை மாறினாலும் மாறாதது, சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பெயரில் வரும் ஐஎம்ஓ எண். ஏழு இலக்கம், கார் சேசிஸ் நம்பர் மாதிரி, கட்டும்போது கொடுத்தது உடைக்கும்வரை கூடவே வரும். அந்த எண்ணைக் கப்பல் விவரங்கள் தரும் ஈக்வாசிஸ் என்ற இணையத் தளத்தில் போட்டால் பழைய பெயர்கள், முதலாளிகள், எந்தத் துறைமுகத்தில் அதிகாரிகள் ஏறி என்ன குறை கண்டார்கள், பிடித்து நிறுத்தினார்களா என்பதெல்லாம் வரும். காசு கிடையாது. அமெரிக்கத் துறைமுகம் தொடுகிற கப்பல் என்றால் இன்னும் வசதி. அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்துக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஏறி அடுப்படி முதல் நீச்சல் குளம் வரை பார்த்து நூற்றுக்கு மார்க் போடுவார்கள். 86 வாங்கினால்தான் பாஸ். என்ன குறை என்பதையும் வெளியிடுவார்கள். லிவிங் ரூம் சோபா வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற நம் ஆட்கள், இதில் ஒரு ஐந்து நிமிஷம் செலவழிக்கமாட்டார்கள்.

நானும் செலவழிக்கவில்லை! ஊர் திரும்பிய பிறகுதான் எங்கள் கப்பலின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் இரண்டு சோதனைகளில் தீத்தடுப்புக் கதவுகளில் குறை எழுதியிருந்தார்கள். காரிடாரில் சுவரோடு ஒட்டி நிற்குமே அந்தக் கதவுகள், தீ வந்தால் தானாக மூடிக்கொள்ள வேண்டியவை. எங்கள் காரிடாரில் ஒன்று பாதி மூடி, தரையில் இடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நடந்துபோனேன். லீவில் இருக்கிறோம், நமக்கெதற்கு என்று. நான் வேலை பார்த்த கப்பலில் இப்படி ஒரு கதவு இருந்திருந்தால் சீஃப் இன்ஜினியர் என் தோலை உரித்திருப்பார்.

இப்போதெல்லாம் யார் படம் அனுப்பினாலும் துருப்பக்கமே போவதில்லை. லைஃப்ராஃப்ட் என்கிற உயிர்காப்பு மிதவை இருக்கும் டப்பாவின் மேல் கடைசியாக சர்வீஸ் செய்த தேதி ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுத்து அனுப்பு என்கிறேன். முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சியில் ஊழியர்கள் கடனே என்று நின்றார்களா, உன் முகத்தைப் பார்த்துப் பேசினார்களா என்று கேட்கிறேன். சீலிங்கில் டீக்கறை மாதிரி வட்டம் இருந்ததா? குழாயைத் திறந்தால் முதல் தண்ணீர் என்ன நிறம்? லிஃப்ட் பலகை கடைசி நாளிலும் அதே இடத்தில் இருந்ததா? ஒருத்தருக்கும் பதில் தெரிவதில்லை. "அத்தான், பஃபே சூப்பர்" என்கிறார்கள்.

நேற்று மச்சான் மறுபடி ஒன்று அனுப்பினான். தீபாவளி லீவுக்குக் கிரேக்கத் தீவுகள், பாதி விலை, புதுப் பெயர், "முற்றிலும் புதுப்பிக்கப்பட்டது". கீழே அவன் குரல் செய்தி: "இதுல சுத்தமா துரு இல்ல அத்தான், ஜூம் பண்ணிப் பார்த்துட்டேன்."

ஐஎம்ஓ எண்ணைத் தேடிப் போட்டேன். அதே நாலு வாளிக் கப்பல்.