வாட்டை விடுங்கள், உள்ளே எத்தனை சிசி காற்று?

லேப்டாப் விளம்பரத்தில் "2 வாட் ஸ்பீக்கர் இரண்டு" என்று போடுவார்கள். பக்கத்தில் ஏதாவது ஆடியோ பிராண்டின் ஸ்டிக்கர் இருக்கும். இரண்டையும் வைத்து ஒலி எப்படி இருக்கும் என்று சொல்லவே முடியாது. சொல்ல வேண்டியது, ஸ்பீக்கருக்குப் பின்னால் அடைபட்டிருக்கும் காற்றின் அளவு. அதைத்தான் எழுத மாட்டார்கள்.

ஒரு கணக்கு. ஸ்பீக்கரில் ஆடி ஒலியெழுப்பும் பகுதியான கோனின் பரப்பு 4 சதுர செ.மீ., முன்னும் பின்னும் அரை மி.மீ. ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மேசைமேல் இருக்கும் லேப்டாப்பில், 1 மீட்டர் தள்ளி, 400 ஹெர்ட்ஸில் சுமார் 79 டெசிபல் வரும். அதே ஆட்டத்துக்கு 100 ஹெர்ட்ஸில் 55தான். அதிர்வெண் பாதியானால், சத்தம் குறையாமலிருக்க நான்கு மடங்கு ஆட வேண்டும். மிருதங்கத்தில் வலந்தலை கேட்டு, தாழ்ந்த ஒலி தரும் தொப்பி காணாமல் போவது இதனால்தான்.

அடுத்தது, பின்னாலிருக்கும் காற்றை அடைத்து வைக்கும் பெட்டி. திறந்த வெளியில் 250 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும், அதாவது மிக எளிதாக ஆடும் ஸ்பீக்கர், அதன் சவ்வின் நெகிழ்வு 24 சிசி காற்றுக்குச் சமம் என்றால், 3 சிசி பெட்டியில் அடைத்ததும் ஒத்ததிர்வு 750 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 8 சிசி கொடுத்தால் 500. அதற்குக் கீழே பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, மளமளவென்று சரியும். பேட்டரிக்கும் மதர்போர்டுக்கும் இடம் ஒதுக்கி மிச்சமிருக்கும் சந்தில் ஸ்பீக்கரைச் செருகும் வழக்கம் மாறாதவரை எந்த ஸ்டிக்கரும் உதவாது.

கொடுத்த இடத்தையும் கெடுப்பது கசிவு. பெட்டியின் ஒட்டில் ஊசிமுனை இடைவெளி போதும், பேஸும் போகும், "புஸ்" என்ற சத்தமும் வரும். ஸ்பீக்கரின் வாய்க்கும் லேப்டாப்பின் ஓட்டைக்கும் நடுவே இடைவெளியை அடைக்கும் ஃபோம் கேஸ்கெட் இல்லையென்றால் பாதி ஒலி உள்ளுக்குள்ளேயே சுற்றும்.

பிறகு அதிர்வு. ஸ்பீக்கரை நேராகத் திருகி இறுக்கினால் கீபோர்டு கடகடக்கும். ரப்பர் புஷ் வைத்துத்தான் மாட்ட வேண்டும். 2019இல் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் பேஸுக்கான ஸ்பீக்கர்களான வூஃபர்களை இரண்டிரண்டாக முதுகோடு முதுகாக வைத்தார்கள். ஒன்றின் உதைப்பை மற்றது ரத்து செய்துவிடும். இடம் அதிகம் பிடிக்கும், ஆனாலும் சரியான செலவு அதுதான்.

இனி பாதுகாப்பு. ஸ்பீக்கரை ஓட்டும் சிப்பான ஸ்மார்ட் ஆம்ப், கோனை ஆட்டும் செம்புக் கம்பிச் சுருளான காயிலின் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் ஓயாமல் அளக்கிறது. செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 4 ஓம் காயில் 60 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 4.9 ஓம். அதைப் பார்த்தே வெப்பத்தைக் கணித்து ஒலியைக் குறைக்கும். எரியாது என்ற தைரியத்தில் சின்ன ஸ்பீக்கரையும் பலமாக ஓட்டலாம். மேக்கில் லினக்ஸைக் கொண்டுவந்த அசாஹி குழு, இந்த வேலைக்கென்றே ஸ்பீக்கர்சேஃப்டிடி என்ற தனி மென்பொருள் எழுதியது. அது ஓடாவிட்டால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே ஒலியைத் தாழ்த்திப் பிடித்துக்கொள்ளும்.

இத்தகைய காவல் இல்லாத லேப்டாப்பில் பிளேயரின் ஒலியை 200 சதவீதத்துக்கு ஏற்றாதீர்கள். அலையின் தலை வெட்டுப்பட்டு, காயிலில் சூடு கூடும்.

ஸ்பீக்கர் மாற்றும்போது புது மாட்யூலில் ஃபோம் இருக்கிறதா, பழையதிலிருந்து ரப்பர் புஷ்களைக் கழற்றி மாட்டினார்களா என்று பாருங்கள். மூடியதும் 100 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியான ஸ்வீப்பை நடுத்தர ஒலியில் ஓடவிடுங்கள். ஒரே இடத்தில் மட்டும் கரகரத்தால், அந்த இடத்தில் நிறுத்தி, கீபோர்டுக்கு முன்னால் கை வைக்கும் பாம் ரெஸ்ட்டையும் அடிமூடியையும் விரலால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் கோளாறு திருகில் அல்லது கிளிப்பில், நிற்காவிட்டால் ஸ்பீக்கரில்.