மார்கழி நிலாவும் கையில் இழுக்கும் நாயும்

ராத்திரி நாயோடு நடக்கும்போது நிலா கண்ணுக்குத் தட்டு மாதிரித் தெரியுது. போனில் எடுத்தால் தெருவிளக்குப் பல்பு! நிலா வானத்தில் வெறும் அரை டிகிரிதான். போனின் 6 மி.மீ. லென்ஸில் அது சென்சாரில் (படம் பதியும் சில்லில்) விழும் அகலம் 0.05 மி.மீ., சுமார் ஐம்பது பிக்சல். அதில் முயலையும் பாட்டியையும் எங்கே தேடுவது?

அதைவிடக் கொடுமை ஆட்டோ மோட். இருட்டு வானத்தைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். நிலாவோ வெயில் அடிக்கும் பாறை, வெளுத்துப் போய்விடும். நைட் மோட் இன்னும் மோசம், மூணு வினாடி அசையாமல் நிற்கணுமாம். மின்கம்பத்தை மோப்பம் பிடித்த நாய் அரை வினாடி கூட நிற்காது.

அதனால் டெலி லென்ஸ் (தூரத்தைப் பெரிதாகக் காட்டுவது), புரோ மோட் (எல்லாவற்றையும் நாமே வைப்பது), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 50, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/1000 வினாடி, ஃபோகஸ் முடிவிலி. வெளுத்தால் 1/2000. புரோ மோட் இல்லையா? நிலாவை அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைக் குறைக்கச் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். நாயின் வாரை மணிக்கட்டில் சுற்றாதீர்கள், இடுப்பில் மாட்டுங்கள். சுவரில் சாய்ந்து 2 வினாடி டைமர். டைமர் ஓடும்போதுதான் எதிர்வீட்டுப் பூனை வரும், அது வேறு.

மரம், மாடி எல்லாம் சேர்ந்து வரணும்னா பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்கள். அன்றைக்கு அந்தி வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே நிலா மேலே ஏறியிருக்கும்.