வாடகை அங்கியும் வராத விருந்தினரும்

எங்கள் கல்லூரிப் பட்டமளிப்பு விழா பத்து மணிக்காம். பிள்ளைகள் எட்டரைக்கே ஆஜராகணுமாம். சிறப்பு விருந்தினர் வந்ததோ பன்னிரண்டு மணிக்கு. தருமபுரி வெயிலில் அதுவரை கறுப்பு அங்கிக்குள் வெந்தோம். பாலியஸ்டர் வேறு! பென்னாகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்த அம்மாவுக்குக் கடைசி வரிசை நாற்காலி.

மேடையில் பொன்னாடை போர்த்தவே முக்கால் மணி நேரம். தாளாளரின் மச்சானுக்கும் ஒன்று, எதற்கென்று அவருக்கே தெரியாது. எங்கள் பெயரை மட்டும் ரேஷன் கடை மாதிரி கடகடவென்று வாசித்தார்கள், இனிஷியலும் தப்பு. பட்டம் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தினுடையது. அதை வாங்கிச் சிரிப்பதற்குள் அடுத்தவள் முதுகில் இடிக்கிறாள்.

அம்மாவோடு ஒரு போட்டோ எடுக்கலாமென்றால், படிக்கட்டிலேயே ஒரு அண்ணன்: "வாடகை அங்கிம்மா, கழட்டி மடிச்சுக் குடு." அப்புறம் எதற்கு அங்கிக்கென்று தனியாகப் பணம் வாங்கினார்களாம்?