வெள்ளிக்கிழமை வரைக்கும் சாம்பிளாமா!

ஏனுங்க, திருப்பூர்ல தடுக்கி விழுந்தா ஒரு மெர்ச்சண்டைசர், அதான் பனியன் கம்பெனியில ஆர்டரைப் பாத்துக்கறவர். ஆனா சரக்கு வாங்கற பையருக்குப் போற இங்கிலீஷ் மெயிலைத் தொறந்தா வயித்தெரிச்சல்தான் மிச்சம். 'வி வில் சென்ட் தி சாம்பிள் டில் ஃப்ரைடே'யாம்! வெள்ளிக்கிழமை வரைக்கும் தினம் ஒரு பார்சல் கட்டி அனுப்புவீங்களா? கெடு சொல்றதுன்னா 'பை ஃப்ரைடே'. நிக்காம நடக்குற வேலைக்குத்தான் 'டில்'. நிட்டிங் மெஷின் வெள்ளி வரைக்கும் ஓடும். சாம்பிள் வெள்ளிக்குள்ள கிளம்பிரும். இதுல என்னங்க கம்பசூத்திரம்?

அடுத்தது 'இன் டூ வீக்ஸ்'. 2 வாரத்துக்குள்ளன்னு நெனச்சு அடிச்சு விடறாங்க. அந்தப் பக்கம் 2 வாரம் கழிச்சுன்னு காலண்டர்ல குறிச்சு வெக்கறாங்க. உள்ளன்னா 'வித்தின்' போடோணும்ங்க, 'வித்தின்'!

கண்டெய்னர் தூத்துக்குடித் துறைமுகத்துல கட்-ஆஃபுக்கு, அதான் உள்ள விடற கடைசி நேரத்துக்கு, முந்தி நுழைஞ்சா அது 'இன் டைம்'. கப்பல் குறிச்ச நேரத்துக்குக் கிளம்பினா 'ஆன் டைம்'. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டறாங்க.

எல்லாத்தையும் விடக் கொடுமை அந்த ஒத்தை 'எ'. 'எ ஃப்யூ பீசஸ் ஆர் ஓகே'ன்னா கொஞ்சம் தேறும்னு அர்த்தம். 'எ'வை முழுங்கிட்டு 'ஃப்யூ பீசஸ் ஆர் ஓகே'ன்னு எழுதினா? தேறினதே சொற்பம்னு ஆயிருதுங்க! பையர் கேக்கறதுக்கு முந்தியே நம்ம லாட்டை நாமளே ரிஜெக்ட் பண்ணிக் குடுத்தாச்சு. என்ன ஒரு தாராள மனசு!

'ரிவர்ட்'லயே 'திரும்ப' இருக்கறப்ப இன்னொரு 'பேக்'கை ஒட்டி 'ரிவர்ட் பேக்'னு எழுதறதைப் பத்தி நான் வாயே தொறக்கலீங்க. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை ஓடுது.