என் மீட்டர், என் மின்சாரம், என் பணம்

பார்க்கிங்கில் மின் வண்டிகளுக்கு சார்ஜ் போடக் கூடாது என்று எங்கள் குடியிருப்புச் சங்கம் லிப்ட் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பின் படத்தை நேற்று இங்கே பகிர்ந்திருந்தேன். அதற்கு முன்பு எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் என் மின்சாரக் காரின் படத்தைப் போட்டு, "பொது மின்சாரம் எங்கே போகிறது என்று இப்போது எல்லோருக்கும் புரிந்திருக்கும்" என்று ஒருவர் எழுதியதையும் பலர் பார்த்துவிட்டீர்கள். ஆகவே நடந்ததை மறுபடியும் விவரிக்கவில்லை. "ஒரு பிளக் பாயிண்ட்தானே, இதற்கா இவ்வளவு கோபம்?" என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆமாம், ஒரு பிளக் பாயிண்ட்தான். மின்சாரக் கார் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு பிளக் பாயிண்ட்தான் எல்லாமே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் காரில் ஏறுவது பொது மின்சாரம் அல்ல. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மீட்டர் பலகையில் என் வீட்டு மீட்டரிலிருந்து தனியாக ஒயர் இழுத்து, பைப்புக்குள் விட்டு, சுவரோரமாக என் பார்க்கிங் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறேன். அதற்குத் தனி எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே அணையும் சுவிட்ச்), தனி ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்), பூட்டுப் போட்ட பெட்டிக்குள் ஒரு சாக்கெட். கார் குடிக்கும் ஒவ்வொரு யூனிட்டும் என் மீட்டரில்தான் ஓடுகிறது, என் பில்லில்தான் வருகிறது. சந்தேகம் இருந்தால் சார்ஜ் போட்டிருக்கும்போது எந்த மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று போய்ப் பார்க்கலாம். மீட்டர் பலகைக்கு மூன்று படி இறங்கினால் போதும். படம் எடுக்கத் தெரிந்தவருக்கு அந்த மூன்று படி இறங்கத் தோன்றவில்லை.

பொது மின் இணைப்பின் பில் எல்லோருக்கும் வலிக்கிறது என்பது எனக்கும் தெரியும். லிப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாவற்றுக்கும் 2022-ல் தனிக் கட்டணப் பிரிவு வந்ததிலிருந்து யூனிட்டுக்கு 8 ரூபாயும் அதற்கு மேலும் கட்டுகிறோம். பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிப்ட் இல்லாத சிறிய குடியிருப்புகளுக்கு 2023-ல் அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். எங்களுக்கு லிப்ட் இருப்பதால் அந்தச் சலுகை கிடையாது. பில் ஏறினால் யாராவது ஒருவரைக் காரணம் காட்ட வேண்டும் என்று தோன்றும்தான். ஆனால் அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்வதற்கு முன் மீட்டரைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மின்சாரக் கார் வாங்கலாமா என்று என்னைக் கேட்கும் எல்லோரிடமும் நான் முதலில் கேட்பது, "பார்க்கிங்கில் பிளக் வைக்க முடியுமா?" என்பதுதான். எந்த மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட நான் ஏறத்தாழ 4 லட்சம் ரூபாய் அதிகம் கொடுத்துத்தான் வாங்கினேன். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். சென்னை நெரிசலில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிய விஷயம். கிலோமீட்டருக்கு 7, 8 ரூபாய் ஆகிறது. என் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர் போகிறது. வீட்டில் சார்ஜ் செய்தால் யூனிட் சும்மா வருவதில்லை. இதைப் பலரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியதுமே குறைந்த கட்டணப் படியின் சலுகை போய்விடும். 600-ஐத் தாண்டினால் யூனிட்டுக்கு 9 ரூபாய்க்கு மேல். காருக்காகக் கூடுதலாக வரும் பில்லை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் ஆகிறது. குரோம்பேட்டைக்கும் ஒரகடத்துக்கும் இடையே போய்வரும் எனக்கு மாதம் 1200 கிலோமீட்டர் ஓட்டம். மாதம் 7000 ரூபாய்க்கு மேல் மிச்சம். 4 லட்சம் ஐந்து ஆண்டுக்குள் திரும்பி வந்துவிடும்.

இதில் பிளக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். வெளியே வேக சார்ஜரில் யூனிட்டுக்கு 18 ரூபாயிலிருந்து 25 ரூபாய் வரை வாங்குகிறார்கள். அந்தச் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. காருக்கு 5 சதவீதம், அதில் ஏற்றும் சார்ஜுக்கு 18 சதவீதம்! கிலோமீட்டருக்கு ஏறத்தாழ நான்கு ரூபாய் ஆகும். அந்த 4 லட்சத்தைத் திரும்ப எடுக்க ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும். என் கார் பேட்டரிக்கு உத்தரவாதமே எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர்தான். போதாததற்கு, தினமும் வேக சார்ஜர் போடுவதைவிட இரவில் மெதுவாக ஏற்றுவதுதான் பேட்டரிக்கு நல்லது என்று கார் கம்பெனிக்காரர்களே சொல்கிறார்கள். ஆக, பிளக் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் விற்கப்படுவது ஒரே கார்தான். இருவரும் கொடுக்கும் விலை வேறு. அந்த வித்தியாசத்தை என் சங்கத்தில் ஐந்து பேர் கை தூக்கித் தீர்மானிக்கிறார்கள்.

மற்ற செலவுகளை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். ஆயில் மாற்ற வேண்டாம், கிளட்ச் இல்லை, சர்வீஸ் பில் குறைவு. டயர் சீக்கிரம் தேய்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டில் 15 சதவீதம் தள்ளுபடி உண்டு. காரின் மதிப்பு அதிகம் என்பதால் மொத்த பிரீமியம் அப்படியொன்றும் குறையவில்லை. 2023 மார்ச் 31-க்குள் கடன் வாங்கியவர்களுக்கு வட்டியில் ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு உண்டு. எனக்கு அது கிடைத்தது, இன்று வாங்குபவருக்குக் கிடையாது. விற்கப் போனால் நல்ல விலைக்குப் போகாது. இதையெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன்.

எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு, அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எலக்ட்ரீஷியன் ஒயரிங்கை முடித்துவிட்டு சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு எரிந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருக்கவே கூடாத அளவுக்கு வோல்ட் காட்டியது. எர்த் சரியில்லாத இடத்தில் மின்சாரக் காரின் சார்ஜர் வேலையே செய்யாது. அது அதன் பாதுகாப்பு ஏற்பாடு. எங்கள் கட்டடத்து எர்த் குழியில் பல ஆண்டுகளாக ஒரு குடம் தண்ணீர்கூட யாரும் ஊற்றவில்லை. மூடியைப் பெயர்த்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த மண்ணும் துருப்பிடித்த குழாயும் கிடந்தன. தோண்டி, புதுக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினோம். செலவு முழுவதும் என்னுடையது. அதுவரை தண்ணீர் மோட்டாரைத் தொட்டால் சுரீரென்று அடிக்கிறது என்று காவலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். அன்றோடு அது நின்றுபோனது. கட்டடத்தில் இருக்கும் எல்லா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும், கீசருக்கும் அந்த எர்த்தான் காவல். இதைச் செய்தவளைத்தான் பொது மின்சாரத்தை எடுப்பவள் என்று குழுவில் எழுதினார்கள். அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்களில் இருவர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருகிறேன்.

"தீப்பிடித்தால் என்ன செய்வது?" இது நியாயமான பயம். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் நிறுத்தியிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தகப்பனும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு நானும் தூங்கவில்லை. அதன் பிறகுதான் மின் வாகன பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளை அரசு கடுமையாக்கியது. ஆனால் பயத்துக்கு மருந்து நல்ல ஒயரும், நல்ல எர்த்தும், கசிவு வந்தவுடன் மின்சாரத்தை அறுக்கும் ஆர்சிசிபியும்தான். தடை போட்டால் என்ன நடக்கும்? பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கீழே தொங்கவிடுவார்கள். ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய்ப் படுக்கையறையில் சார்ஜ் போடுவார்கள். எங்கள் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் பையன், உணவு டெலிவரி செய்பவன், இந்த அறிவிப்புக்குப் பிறகு அதைத்தான் செய்கிறான். பாதுகாப்புக்காகப் போட்ட தடை என்றால் இதற்குச் செயலாளர் பதில் சொல்லட்டும்.

"நிலக்கரியில் வரும் மின்சாரம்தானே?" இருக்கலாம். முப்பந்தலில் காற்றாலையும் சுற்றுகிறது. நான் உலகத்தைக் காப்பாற்ற வாங்கவில்லை, பெட்ரோல் செலவைக் குறைக்க வாங்கினேன்.

"வெள்ளத்தில் என்ன செய்வீர்கள்?" 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் இல்லாமல் நாங்கள் பட்டபாடு எல்லோருக்கும் தெரியும். மின்சாரம் போனால் பெட்ரோல் பங்கிலும் ஜெனரேட்டர் இருந்தால்தான் பம்பு ஓடும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவற்றில் பெரும்பாலானவை எந்தக் கார்கள்? வெள்ளம் எல்லாக் காரையும்தான் கெடுக்கும்.

"அவ்வளவு வசதி வேண்டும் என்றால் தனி வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?" இதை எழுதியவருக்கு என்ன பதில் சொல்வது? நான் இங்கே வாடகைக்கு ஒண்டிக்கொண்டிருக்கவில்லை. கடன் கட்டி வாங்கிய வீடு. பராமரிப்புக் கட்டணத்தை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட்டதில்லை. வாடகைக்கு இருந்தால் மட்டும் என்ன? அந்த டெலிவரி பையனுக்கு மின்சாரம் தேவையில்லையா? அவன் வண்டி ஓடினால்தான் அவன் வீட்டு அடுப்பு எரியும்.

"எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிறாள்" என்கிறார்கள். பேசாமல் என்ன செய்வது? வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மின் இணைப்பிலிருந்தே வண்டிக்கு சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் 2022 வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. மின் வாகனத்துக்குத் தனி இணைப்பு கேட்டால் தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளிலேயே திருத்தம் வந்துவிட்டது. புதுக் கட்டடங்களில் ஐந்தில் ஒரு பங்கு பார்க்கிங்கில் சார்ஜ் வசதிக்கு இடம் வைக்க வேண்டும் என்று 2019-லேயே மாதிரிக் கட்டட விதியைத் திருத்தினார்கள். நான் இதையெல்லாம் அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. "பெரியவர்கள் சொன்னால் கேட்கப் பழகம்மா" என்றார் ஒருவர். எனக்கு நாற்பத்தாறு வயது.

போன வருடம் அப்பாவைத் திருச்சிக்கு அழைத்துக்கொண்டு போனேன். காகிதத்தில் 312 கிலோமீட்டர் போகும் கார், ஏசி போட்டு நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டினால் 200-ஐ ஒட்டித்தான் போகும். அதனால் உளுந்தூர்பேட்டைக்குச் சற்று முன்னால் ஒரு சார்ஜரைக் குறித்து வைத்திருந்தேன். செயலியில் வேலை செய்கிறது என்று பச்சையாகக் காட்டியது. போய்ப் பார்த்தால் திரை இருண்டு கிடந்தது. உதவி எண்ணில் பாட்டுதான் ஓடியது. பேட்டரியில் 15 சதவீதம். அப்பா சர்க்கரை நோயாளி, சாப்பிடும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. சாலையோரத்தில் டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. கேட்கவே கூச்சமாக இருந்தது. பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். வெல்டிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "இதில் எர்த் நன்றாக இருக்கும், போடுங்கள் அக்கா" என்றார். இரண்டு மணி நேரம் அந்த மனிதர் வெல்டிங் வேலையை நிறுத்தி வைத்தார். ஆறு யூனிட் ஏறியது. அடுத்த சார்ஜருக்குப் போக அது போதும். அப்பாவைத் தன் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, தன் வீட்டிலிருந்து இட்லி வரவழைத்துக் கொடுத்தார். பணம் நீட்டினேன். கரண்டுக்கு நூறு ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்.

என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. என்னுடன் பதினோரு ஆண்டுகளாக ஒரே லிப்டில் ஏறி இறங்குபவர்களோ என்னைக் குழுவில் இருநூறு பேர் முன்னால் களவாணி போல நிறுத்தினார்கள். அறிவிப்பு ஒட்டிய அன்று இரவே யாரோ பெட்டியின் மேலிருந்த எம்சிபியைக் கீழே தள்ளி அணைத்துவிட்டார்கள். காலையில் சார்ஜ் இல்லாத காரைப் பார்த்து நின்றபோது கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அதுவும் என் பணத்தில் வாங்கிய எம்சிபி.

தடைக்கு எதிராகப் பேச இந்த வீட்டுக்காரர்களில் பாதிப் பேருக்கு மனம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தனியாக வந்து சொல்கிறார்கள். "உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் நமக்கெதற்கு வம்பு" என்கிறார்கள். நாளை அவர்கள் வீட்டிலும் ஒரு மின் ஸ்கூட்டராவது வரத்தான் போகிறது. அப்போது இதே லிப்ட் கதவில் இதே காகிதம் ஒட்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வருகிறேன். இரண்டு ஆண்டு மின் கட்டண ரசீதுகள், எலக்ட்ரீஷியன் தந்த பில், எர்த் குழிக்குக் கொடுத்த பில் எல்லாம் கையில் இருக்கும். காருக்கென்று தனி இணைப்பு கேட்டு மின்வாரிய அலுவலகத்தில் விண்ணப்பமும் கொடுக்கப் போகிறேன். டெபாசிட்டை நானே கட்டுகிறேன். அதுவரை என் ஒயரில் யாரும் கை வைக்கக் கூடாது. தடை தொடரும் என்றால் அதற்கான காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கை தூக்கியவர்கள் எல்லோரும் பெயர் போட்டுக் கையெழுத்திட வேண்டும். என் காரின் படத்தைப் போட்டவர், எந்தக் குழுவில் அதை எழுதினாரோ அதே குழுவில் அது தவறு என்று எழுத வேண்டும். தனியாக வந்து காதோடு சொன்னால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.